தீரர் திப்பு சுல்தானும் இரும்பு வாணமும்

 

 ஷஹீத் திப்பு சுல்தான் அவர்களைப் பற்றி நம் மேடைகளில் பேசப்படும்போதெல்லாம், உலகில் முதன்முதலாக ராக்கெட்டைக் கண்டுபிடித்தவர் அவரே என்று முழங்குவது வழக்கமாகிவிட்டது. கேட்பதற்கு இனிமையாக இருப்பினும் இது உண்மையன்று. வெடிமருந்து அடைத்த வாணத்தைச் சீனர்கள் அவருக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தனர். நம் நாட்டிலும் முகலாயர் படைகளில் அது இருந்தது. இல்லாத சிறப்பை ஏற்றிச் சொல்வதால், இருக்கின்ற சிறப்பு மறைந்துபோகிறது. திப்பு சுல்தானும் அவருடைய தந்தையாரும் செய்தது வேறொரு காரியம். அது கண்டுபிடிப்பைவிடக் கடினமானது என்பது இச்சிறியேனின் கருத்து. திருவிழாவில் வேடிக்கை காட்டியும், போர்க்களத்தில் குதிரைகளை மிரட்டியும் வந்த ஒரு பொருளை, ஆயிரக்கணக்கில் செய்து, ஆயிரம் பேர் கையில் கொடுத்து, நம்பி எய்யக்கூடிய கருவியாக மாற்ற அவர்கள் முயன்றனர். அதில் பெரும்பகுதி வென்றனர். ஒரு பகுதி கைகூடவில்லை. இவ்விரண்டையும் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வரலாறு நமக்குத் தொலைவானதன்று. கம்பம் பள்ளத்தாக்கும் பெரியகுளம், போடி வட்டாரங்களும் அக்காலத்தில் திண்டுக்கல் சீமையில் அடங்கியிருந்தன. ஹைதர் அலீ அவர்கள் மைசூர் அரசின் பௌஜ்தாராகத் திண்டுக்கல்லில் பொறுப்பேற்றது 1755-ஆம் ஆண்டில். அப்போது அவர் மன்னரல்லர். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு படைத்தலைவர் மட்டுமே. ஆயினும் பாளையக்காரர்களை அடக்க வந்த அவர், பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து கைதேர்ந்த தொழிலாளரை வரவழைத்து, பீரங்கியும் வெடிமருந்தும் செய்வதற்கான ஆயுதச்சாலையை அமைத்தது அத்திண்டுக்கல்லில்தான். மைசூர்ப் படையின் பிற்காலப் பெருமைக்கு அடிக்கல் நடப்பட்ட இடங்களுள் அதுவும் ஒன்று. திண்டுக்கல் மலைக்கோட்டையைப் பார்க்கச் செல்லும் நம் பிள்ளைகளும், பேகம்பூர் பெரிய பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வரும் நம் பெரியவர்களும் இதனை நினைவில் கொள்வது நன்று.

வாணத்தோடு அக்குடும்பத்துக்கு மூன்று தலைமுறைத் தொடர்பு உண்டு. ஹைதர் அலீயின் தந்தையார் ஃபத்ஹ் முஹம்மது அவர்கள் ஆற்காட்டு நவாபின் படையில் வாணம் எறிவோர் ஐம்பது பேருக்குத் தலைவராக இருந்தவர். அந்த ஆற்காட்டில் அடங்கியிருக்கும் திப்பு மஸ்தான் ஒலியுல்லாஹ் அவர்களின் பெயரையே ஹைதர் தம் மைந்தருக்குச் சூட்டினார். 1751-ஆம் ஆண்டையொட்டித் தேவனஹள்ளியில் பிறந்த அப்பிள்ளைக்குத் தந்தை தாம் பெறாத கல்வியனைத்தையும் அளித்தார். திருக்குர்ஆனும் மார்க்கச் சட்டமும், அரபியும் ஃபார்ஸியும் உருதுவும், குதிரையேற்றமும் வாள்வீச்சும் அவருக்குக் கற்பிக்கப்பட்டன. பதினைந்து வயதளவிலேயே தந்தையுடன் போர்க்களம் கண்டார்.

பழைய வாணத்தின் குறை என்ன என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். மூங்கில் அல்லது கெட்டியான தாளால் ஆன குழாயில் வெடிமருந்தை அடைத்துப் பற்றவைத்தால், எரியும் புகை ஒரு முனையின் வழியே சீறி வெளியேற, குழாய் எதிர்த்திசையில் பாய்கிறது. மருந்தை எவ்வளவு இறுக்கமாக அடைக்கிறோமோ அவ்வளவு தூரம் அது செல்லும். ஆனால் இறுக்கம் கூடினால் உள்ளே அழுத்தமும் கூடும். மூங்கிலும் தாளும் அதைத் தாங்காமல் பிளந்துவிடும். ஆகவே குறைந்த மருந்து, குறைந்த தூரம் என்ற எல்லைக்குள்ளேயே வாணம் நின்றுவிட்டது. ஐரோப்பாவிலும் அதே நிலைதான்.

மைசூரார் குழாயை இரும்பால் செய்தனர். நன்கு அடித்து மென்மையாக்கப்பட்ட இரும்புத் தகட்டைச் சுருட்டி, ஒரு முனையை மூடி, மறு முனையில் புகை வெளியேறச் சிறு துவாரம் விட்டு, அக்குழாயைத் தோல் வாரினால் நீண்ட மூங்கிற்கழியோடு கட்டினர். சில வாணங்களில் மூங்கிலுக்குப் பதிலாக வாளின் அலகே கட்டப்பட்டது. இங்கிலாந்திலுள்ள உல்விச் பீரங்கிப்படை அருங்காட்சியகத்தில் இருந்த இரண்டு வாணங்களை அளந்து குறித்துள்ளனர். ஒன்றின் குழாய் 58 மில்லிமீட்டர் குறுக்களவும் 254 மில்லிமீட்டர் நீளமும் உடையது. ஒரு மீட்டருக்குச் சற்று மேற்பட்ட வாளலகில் கட்டப்பட்டது. மற்றொன்று 37 மில்லிமீட்டர் குறுக்களவும் 198 மில்லிமீட்டர் நீளமும் கொண்டது, 1.90 மீட்டர் மூங்கிலில் பிணைக்கப்பட்டது. ஏறத்தாழ ஓர் இறாத்தல் மருந்தைக் கொண்டு இவை ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் சென்றன. அந்நாளில் ஐரோப்பியர் எவரிடமும் இதற்கு நிகரான வாணம் இல்லை.

இரும்புக்குழாய் என்ற எண்ணம் ஒரு நாளில் தோன்றியிருக்கலாம். ஆனால் அதே தடிப்பில் தகடு, அதே குறுக்களவில் குழாய், அதே அளவில் துவாரம், அதே பக்குவத்தில் மருந்து, அதே எடையில் மூங்கில் என ஐயாயிரம் வாணங்களைச் செய்வது எளிதா? பெருமழையில் வண்டியில் ஏற்றிச் சென்று, ஆறு மாதம் கிடங்கில் வைத்திருந்து எடுத்தாலும் அது பற்ற வேண்டும். மருந்தில் ஈரம் ஏறினால் பற்றாது. இறுக்கம் குறைந்து உள்ளே ஒரு கீறல் விழுந்தாலோ, தீ மேற்பரப்பிலிருந்து படிப்படியாக எரியாமல் அக்கீறலுக்குள் பாய்ந்து, குழாயையே வெடிக்கச் செய்துவிடும். எய்பவரின் கையருகே அது நிகழ்ந்தால் என்னாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இதன் முதற்பெரும் சோதனை 1780-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் நாள் காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள பொள்ளிலூரில் நடந்தது. கர்னல் பெய்லியின் கும்பினிப் படையைத் திப்பு சுல்தானும் ஹைதர் அலீயும் சூழ்ந்துகொண்டனர். கும்பினியாரின் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்ததும் போரின் முடிவு உறுதியாயிற்று. பெய்லி சிறைப்பட்டார். வண்டிகளை வெடிக்கச் செய்தது வாணம் என்று பலர் எழுதியுள்ளனர். பீரங்கிக் குண்டு என்பாரும் உண்டு. எதுவாயினும் அப்போருக்குப் பின் மைசூர் வாணம் என்ற சொல் கும்பினிச் சிப்பாய்களுக்குக் கலக்கம் தருவதாயிற்று. ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகையின் சுவரில் இப்போர்க்காட்சி ஓவியமாகத் தீட்டப்பட்டிருப்பதைச் சுற்றுலா சென்ற நம்மவர் பலரும் கண்டிருக்கலாம்.

1782 டிசம்பரில் ஹைதர் அலீ வஃபாத்தானார். அரசுப் பொறுப்பேற்ற திப்பு சுல்தான் வாணத் தொழிலைத் தந்தை விட்ட இடத்திலிருந்து பலபடி உயர்த்தினார். தந்தையின் காலத்தில் சுமார் 1,200 பேராக இருந்த வாணப்படை அவர் காலத்தில் சுமார் 5,000 பேராகப் பெருகியது. ஜைனுல் ஆபிதீன் ஷூஸ்தரி என்பவரைக் கொண்டு ஃபத்ஹுல் முஜாஹிதீன் என்னும் போர்விதி நூலை ஃபார்ஸியில் எழுதச் செய்தார். குஷூன் எனப்பட்ட ஒவ்வொரு படைப்பிரிவிலும் 200 வாணவீரர் இருக்க வேண்டும் என்பது அதன் விதி. குழாயின் குறுக்களவையும் இலக்கின் தொலைவையும் கணக்கிட்டு எந்தக் கோணத்தில் சாய்த்து எய்வது என்று அவ்வீரர்கள் பயிற்றுவிக்கப்பட்டனர். பல வாணங்களை ஒரே நேரத்தில் ஏவும் சக்கர வண்டிகளும் இருந்தன. பெங்களூரில் வாணத்தொழில் நடந்த பகுதிக்குத் தாரா மண்டல்பேட், அதாவது நட்சத்திர மண்டலப் பேட்டை என்று பெயர். இருட்டில் எழும் வாணங்களைப் பார்த்தவர் எவரேனும் வைத்த பெயராக இருக்க வேண்டும்!

தொழிலில் அவருக்கிருந்த ஆர்வம் வாணத்தோடு நிற்கவில்லை. பட்டுப்புழு வளர்ப்பைக் கற்று வர வங்காளத்துக்கு ஆள் அனுப்பினார். இன்றைய மைசூர்ப் பட்டின் வரலாறு அங்கேதான் தொடங்குகிறது. 1788-இல் பிரான்சு மன்னர் பதினாறாம் லூயியிடம் சென்ற அவருடைய தூதர்கள், பல்வகைத் தொழிலாளரைத் தங்களோடு அனுப்பும்படி கேட்டனர். அளவைகளையும் அவர் திருத்தியமைத்தார். கலிமாவிலுள்ள இருபத்து நான்கு எழுத்துகளை ஒட்டி, கட்டைவிரல் அகலங்களைக் கொண்டு தம் அளவுகோலை வகுத்தார். அவரைப் பகைத்த ஆங்கிலேய ஆசிரியர்கள் இதனை வேடிக்கையாகவே எழுதியுள்ளனர். ஒரு நாட்டில் ஊருக்கொரு முழம் வழங்கினால் ஒரே மாதிரியான பொருள் எப்படி உருவாகும்? அந்தக் கேள்வி அவர் மனத்தில் இருந்திருக்கிறது என்பதே நமக்கு வேண்டிய செய்தி.

அவருடைய ஆட்சியின் பிற பக்கங்களைப் பற்றி, குறிப்பாகக் குடகு, மலபார்ப் போர்களில் அங்குள்ள மக்கள் பட்ட துன்பங்களைப் பற்றி, இன்றளவும் கடும் விவாதம் உண்டு. சிருங்கேரி மடத்துக்கு அவர் அளித்த உதவிகளும் பதிவாகியுள்ளன. அவை தனியே எழுதப்பட வேண்டியவை.

இனிக் குறையைக் கூறுவோம். மைசூர் வாணம் தொலைவில் வென்றது, குறியில் வெல்லவில்லை. தீபாவளிக் காலத்தில் பிள்ளைகள் பாட்டிலில் வைத்து விடும் ராக்கெட்டை நாம் பார்க்கிறோம். குச்சி சற்று வளைந்திருந்தாலும், கனம் கூடியோ குறைந்தோ இருந்தாலும் அது கூரை மேல் ஏறுகிறது அல்லது அண்டை வீட்டுக்குள் நுழைகிறது. மைசூர் வாணத்துக்கும் மூங்கிலே சுக்கான். ஒரு மூங்கில் மற்றொரு மூங்கிலைப் போல் இருப்பதில்லை. கணுவும் கனமும் வேறுபடும். குழாயும் கொல்லரின் கைப்பழக்கத்தால் உருவானதே. கைத்தொழிலில் உயர்ந்த திறமை இருந்தது. ஆனால் ஒருவர் செய்ததும் மற்றவர் செய்ததும் ஒத்திருக்கிறதா என்று சோதித்து, ஒவ்வாததைக் கழித்து, ஏன் ஒவ்வவில்லை என்று எழுதிவைத்து, அடுத்த தடவை திருத்தும் ஒழுங்கு அத்தொழிலில் வேரூன்றியதாகத் தெரியவில்லை. நம் திண்டுக்கல் பூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கையால் அராவிச் செய்த பழைய பூட்டு ஒவ்வொன்றும் உறுதியானதே. ஆனால் ஒன்றின் உள்ளுறுப்பை எடுத்து மற்றொன்றில் பொருத்தினால் சேராது. செய்த ஆசாரியே வந்து அராவ வேண்டும். வாணத்தின் நிலையும் அதுதான்.

மற்றொரு செய்தியும் உண்டு. சுல்தானின் வீழ்ச்சிக்குப் பின் 1800-இல் மைசூர் நாட்டைச் சுற்றிப் பார்த்த பிரான்சிஸ் புக்கானன் என்பவர், பீரங்கி துளையிடும் இயந்திரம் ஒன்றைப் பற்றி எழுதியுள்ளார். முதலில் அது நீர்ச்சக்கரத்தால் ஓடும்படி அமைக்கப்பட்டதாம். சுல்தான் சக்கரத்தை நீக்கிவிட்டு மாடுகளைப் பூட்டி ஓட்டச் செய்தாராம். எழுதியவர் கும்பினியின் ஆள் என்பதை மறக்கக்கூடாதுதான். ஆயினும் செய்தி பொய்யென்று தள்ளவும் முடியாது. நீர் ஒரே வேகத்தில் ஓடும்; மாடு களைக்கும், நிற்கும், இழுக்கும். துளை ஒரே சீராக அமைவதற்கு எது ஏற்றது என்பதை நம் வட்டாரத்தில் மாடு பூட்டிய செக்கைப் பார்த்த முதியவர்கள் சொல்வார்கள்.

தாவூத் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் இரும்பை மென்மையாக்கிக் கொடுத்த வரலாற்றை ஸபா அத்தியாயத்தில் ஓதுகிறோம். அத்தோடு, கவசத்தின் கண்ணிகளை அளவிட்டுச் சீராகக் கோர்க்கும்படி அவர்களுக்குக் கட்டளையிடப்பட்டதையும் அங்கேயே ஓதுகிறோம். இரும்பு மென்மையானது அற்புதம். அளவு அவர்களது கைவேலைக்கு இடப்பட்ட கட்டளை. மதரஸாவில் இவ்வசனத்தைப் பலமுறை ஓதியும், திப்பு சுல்தானின் வாணத்தைப் பற்றிப் படித்த பின்னரே இதன் கனம் இச்சிறியேனுக்கு முழுமையாக விளங்கியது.

திப்பு சுல்தானுக்குக் காலமும் கிடைக்கவில்லை என்பதைச் சொல்லாவிட்டால் அது அநீதியாகும். ஆட்சி செய்த பதினாறு ஆண்டுகளில் பெரும்பகுதி போரில் கழிந்தது. 1790-இல் திண்டுக்கல் கோட்டை கும்பினியாரிடம் வீழ்ந்தது. 1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் அவர் தம் நாட்டில் பாதியை இழந்தார். நம் பகுதி உள்ளிட்ட திண்டுக்கல் சீமை அன்று கைமாறியதுதான். மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாய் தண்டமும் விதிக்கப்பட்டது. ஈடாக இரண்டு மைந்தர்கள் பிணையாக அனுப்பப்பட்டனர். பிள்ளைகளைப் பிணை கொடுத்த தந்தை பட்டறையில் நின்று குழாயின் அளவைச் சரிபார்த்துக்கொண்டிருக்க முடியுமா?

1799 ஏப்ரல் 5-ஆம் நாள் இரவு, ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அருகே சுல்தான்பேட்டைத் தோப்பில் ஆர்தர் வெல்லெஸ்லியின் படை நுழைந்தது. வாணங்களும் துப்பாக்கிகளும் இருட்டில் பொழியவே, அவர் நிலைகுலைந்து பின்வாங்கினார். பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வெல்லிங்டன் பிரபு இவரே. மறுநாளே அத்தோப்பு கும்பினியார் கைக்குப் போயிற்று. மே 2-ஆம் நாள் கோட்டைக்குள்ளிருந்த வாணக்கிடங்கு ஒன்று எதிரியின் குண்டு பட்டு வெடித்துச் சிதறியது. மே 4-ஆம் நாள், ஹிஜ்ரி 1213 துல்கஃதா மாதத்தில், கோட்டை வாயிலருகே வாள் ஏந்திப் போரிட்ட நிலையில் சுல்தான் ஷஹீதானார். அல்லாஹ் அவர்களது பிழைகளைப் பொறுத்து மறுமையில் உயர் பதவியை அளிப்பானாக, ஆமீன்.

வெற்றி பெற்றோர் கோட்டைக்குள் கண்டவற்றுள் வாணம் ஏவும் கருவிகள் 600, எய்யத் தகுந்த வாணங்கள் 700, மருந்து அடைக்கப்படாத குழாய்கள் 9,000 எனக் கணக்கிட்டுள்ளனர். சில வாணங்கள் இங்கிலாந்துக்கு, உல்விச் ஆயுதச்சாலைக்கு அனுப்பப்பட்டன. அங்கே வில்லியம் காங்கிரீவ் என்பவர் 1804-ஆம் ஆண்டளவில் ஆய்வில் இறங்கினார். லண்டனில் கிடைத்த மிகப் பெரிய வாணங்களை விலைக்கு வாங்கி எய்து பார்த்தபோது அவை 500, 600 கெஜத்தைத் தாண்டவில்லை. மைசூர் வாணம் செல்லும் தூரத்தில் அது பாதிகூட இல்லை. அங்கிருந்து தொடங்கினார். மருந்தின் கலவையை மாற்றி மாற்றி எய்து, சென்ற தூரத்தை அளந்து எழுதினார். கையால் இடித்து அடைப்பதை விடுத்து, கனமான இரும்புப் பளுவை மேலிருந்து விழச்செய்து மருந்தை இறுக்கும் பொறியை அமைத்தார். 32 இறாத்தல் வாணத்துக்கு 15 அடிக் கழி என்றவாறு ஒவ்வோர் எடைக்கும் அளவுகளை வகுத்தார். 1805-இல் பூலோன் துறைமுகத்தின் மீதான முதல் முயற்சி பலிக்கவில்லை. மறு ஆண்டு பலித்தது. 1807-இல் கோபன்ஹேகன் நகரம் தீக்கிரையானதில் அவருடைய வாணங்களுக்கும் பங்கு உண்டு. பக்கவாட்டில் கட்டிய கழியை 1815-ஆம் ஆண்டளவில் நடுவில் பொருத்தினார். ஆயினும் குறி தவறும் குறை முழுவதும் நீங்கவில்லை. 1844-இல் வில்லியம் ஹேல் வாணத்தைச் சுழலச் செய்து கழியையே நீக்கிய பின்னரே அது பெரிதும் தீர்ந்தது. மைசூர்க் கொல்லரை வாட்டிய அதே குறையோடு இங்கிலாந்தும் நாற்பது ஆண்டுகள் போராடியிருக்கிறது.

வேறுபாடு எங்கே இருந்தது என்பதைப் பெங்களூரில் விண்ணியல் விஞ்ஞானியாக விளங்கிய பேராசிரியர் ரொத்தம் நரசிம்மா 1985-இல் தம் ஆய்வொன்றில் ஆராய்ந்துள்ளார். இரும்பின் தரத்திலும் கொல்லரின் திறமையிலும் மைசூர் முன்னே நின்றது. வரைபடம், கணக்கு, சோதனை, பதிவு ஆகியவற்றில் ஆங்கிலேயர் முன்னே நின்றனர். அதனால் காங்கிரீவ் மறைந்த பிறகும் அவருடைய வாணத்தை வேறொருவர் எடுத்துத் திருத்த முடிந்தது. மைசூரில் பட்டறைகளைக் காக்க அரசர் இல்லை. வாணம் வாங்குவாரும் இல்லை. கொல்லர்கள் ஏர்க்கொழுவுக்கும் வண்டிப்பட்டைக்கும் திரும்பியிருப்பார்கள். அவர்களுள் ஒருவர் பெயரேனும் நமக்குக் கிடைக்கவில்லை.

இராமேசுவரத்தில் பிறந்து குடியரசுத் தலைவரான நம் அப்துல் கலாம் அவர்கள், 1963-ஆம் ஆண்டையொட்டிப் பயிற்சிக்காக அமெரிக்காவின் வாலப்ஸ் ஏவுதளத்துக்குச் சென்றபோது, அங்கே வரவேற்புக் கூடத்தில் திப்புவின் வாணப்படையைக் காட்டும் ஓவியம் தொங்கக் கண்டதைத் தம் தன்வரலாற்றில் பதிந்துள்ளார். திப்புவின் சொந்த நாட்டில் மறந்துபோன செய்தி அங்கே சுவரில் இருந்தது என்பதை வியப்போடு குறிப்பிட்டிருக்கிறார்.

கர்நாடக மாநிலம் சிவமொக்கா மாவட்டத்தில் நகரா என்றோர் ஊர் உண்டு. ஹைதர் அலீ பிதனூரை வென்று ஹைதர்நகர் எனப் பெயரிட்டதே அவ்வூர். அங்கு 2002-ஆம் ஆண்டளவில் பாழுங்கிணறு ஒன்றில் இரும்புக் குழாய்கள் சில கிடைத்தன. பழைய எறிகுண்டுகள் என எண்ணி அவற்றை அருங்காட்சியகத்தில் வைத்திருந்தனர். பின்னரே அவை மைசூர் வாணங்கள் என்று அடையாளம் காணப்பட்டது. 2018-ஆம் ஆண்டு ஜூலையில் தொல்லியல் துறையினர் அவ்வூரில் மீண்டும் கிணற்றை அகழ்ந்தபோது, வெடிமருந்தின் வாடை வீசும் சேற்றுக்குள்ளிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாணங்கள் துருவேறிய நிலையில் வெளிவந்தன. போருக்கென்று சேமித்து வைக்கப்பட்டு, எய்யப்படாமலே போனவை. எடுத்துக் கழுவி வரிசையாக அடுக்கி அளந்து பார்த்தனர். அளவுகள் ஒன்றுக்கொன்று வேறுபட்டிருந்தன.